மேட்டூர் திறக்கும் நாளைக் கணினி சொல்லுமா? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

அணை நீரை எப்போது, எவ்வளவு திறப்பது, யாருக்கு எவ்வளவு பங்கிடுவது என்பதையெல்லாம் கணினியில் ஓட்டிப் பார்க்கும் 'மாடல்' பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த மாதம் பதில் தருகிறோம். பாதிக்கு மேல் காவிரியைப் பற்றியவை என்பதால் எடுத்துக்காட்டுகளையும் அங்கிருந்தே எடுத்திருக்கிறோம். படிக்கும்முன் ஓர் எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: விநாடிக்கு 11,574 கனஅடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் அது ஒரு டி.எம்.சி., அதாவது நூறு கோடி கனஅடி. இனி வரத்து, திறப்பு, ஓட்டம் ஆகியவற்றுக்குக் 'கனஅடி' என்று மட்டும் எழுதினால் விநாடிக்கு அவ்வளவு என்று பொருள்.

ஜூன் 12-ல் மேட்டூரைத் திறக்கலாமா கூடாதா என்று கம்ப்யூட்டர் முன்கூட்டியே சொல்லிவிடாதா? 2023-ல் குறித்த நாளில் திறந்துவிட்டு அக்டோபரில் மூடினார்களே? – திருத்துறைப்பூண்டி வாசகர்

மழை வருமா வராதா என்பதை இந்த மாடல் சொல்லாது. திறந்தால் என்னென்ன நடக்கலாம், எதற்கு எவ்வளவு வாய்ப்பு என்பதைச் சொல்லும். அதைச் சரியாகக் கேட்டு வாங்கத் தெரிய வேண்டும்.

2023 ஜூன் 12 அன்று மேட்டூரில் 103 அடிக்கு மேல் நீர்மட்டம், ஏறக்குறைய 69 டி.எம்.சி. இருப்பு. குடிநீருக்கும் அடிமட்ட இருப்புக்குமாக 10 டி.எம்.சி.யை ஒதுக்கிவிட்டு, வரத்தே இல்லை என்று வைத்து, விநாடிக்கு 12,000 கனஅடி திறந்தால் 57 நாள் தாங்கும். அதாவது ஆகஸ்ட் 8 வரை. இதற்கு மாடல் தேவையில்லை, கைக்கணக்கே போதும். ஆகஸ்ட் 8-க்குள் தென்மேற்குப் பருவமழை எவ்வளவு கொண்டுவரும் என்பதுதான் பிரச்சினை. அங்கேதான் மாடல் வருகிறது.

செய்முறை இது. இன்றைய இருப்பை அப்படியே வைத்துக்கொண்டு, கடந்த 40 ஆண்டுகளில் ஒவ்வோர் ஆண்டின் வரத்தையும் தனித்தனியாக அதன்மேல் ஓட்ட வேண்டும். 'இன்றைய இருப்பில் தொடங்கி 2002 மாதிரி மழை பெய்தால் என்ன ஆகும், 2005 மாதிரி பெய்தால் என்ன ஆகும்' என்று 40 தடங்கள் கிடைக்கும். எத்தனை தடங்கள் பாசனப் பருவம் முடியும் ஜனவரி 28 வரை தாக்குப்பிடிக்கின்றன, எத்தனை அக்டோபருக்குள் படுத்துவிடுகின்றன என்று எண்ணுங்கள். பிறகு திறப்பை ஜூலை 12-க்குத் தள்ளி, அதே 40 தடங்களை மறுபடி ஓட்டுங்கள். குறுவை எவ்வளவு குறைகிறது, அதற்கு ஈடாக சம்பா எத்தனை ஆண்டுகளில் பிழைக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். முடிவெடுப்பது அரசும் விவசாயியும். அந்த முடிவின் விலையை முன்கூட்டியே மேசைமேல் வைப்பதுதான் மாடலின் வேலை.

ஓர் எச்சரிக்கை. மேட்டூர் வரத்துப் பதிவு 1934-லிருந்து இருக்கிறதே என்று முழுவதையும் அள்ளிப் போடாதீர்கள். கபினி, ஹேமாவதி, ஹாரங்கி அணைகள் 1970-களிலும் 80-களின் தொடக்கத்திலும் வந்தவை. அதற்கு முந்தைய வரத்து வேறொரு காவிரியின் வரத்து. அதைக் கலந்து ஓட்டினால் எல்லா ஆண்டும் செழிப்பாகவே தெரியும்.

ஒற்றை அணைக்கு எக்செல்லிலேயே மாடல் செய்ய முடியுமா? எந்த வரிசையில் கணக்கிட வேண்டும்? – ஈரோடு கல்லூரி மாணவி

தாராளமாக முடியும். முதலில் எக்செல்லில் செய்து பழகுவதுதான் நல்லது. பெரிய மென்பொருளுக்குள் என்ன நடக்கிறது என்பது அப்போதுதான் கைக்கு வரும்.

ஒரு நாளுக்கு ஒரு வரி. முதல் பத்தியில் தேதி, அடுத்து நேற்றைய இருப்பு, இன்றைய வரத்து, ஆவியாதல், தேவை, திறப்பு, உபரி, இன்றைய இருப்பு. கணக்கு ஓடும் வரிசை முக்கியம். நேற்றைய இருப்போடு வரத்தைக் கூட்டி ஆவியாதலைக் கழியுங்கள். அதிலிருந்து தொடக்கூடாத இருப்பைக் கழித்தால் திறக்கக்கூடிய நீர் வரும். தேவை, திறக்கக்கூடிய நீர், மதகின் திறன் ஆகிய மூன்றில் எது சிறியதோ அதுவே திறப்பு. அதையும் கழித்தபின் மிச்சம் முழுக் கொள்ளளவைத் தாண்டினால் (மேட்டூருக்கு 93.47 டி.எம்.சி.) தாண்டியது உபரி.

ஒரு நாளைக் கையால் போட்டுப் பாருங்கள். இருப்பு 60 டி.எம்.சி., வரத்து 12,000 கனஅடி, திறப்பு 18,000 கனஅடி, ஆவியாதல் 250 கனஅடி. நிகரக் குறைவு 6,250 கனஅடி, அதாவது 0.54 டி.எம்.சி. மறுநாள் இருப்பு 59.46. இந்த விடை உங்கள் தாளில் வரவில்லையென்றால் அலகு மாற்றத்தில்தான் தவறு. கனஅடியையும் டி.எம்.சி.யையும் ஒரே பத்தியில் கலப்பது இந்தத் துறையின் மிகப் பழைய பிழை.

ஆவியாதலை நிலையான எண்ணாக வைக்காதீர்கள். நீர்ப்பரப்போடு அது மாறும். மேட்டூர் 120 அடியில் நிற்கும்போது நீர்ப்பரப்பு 59.25 சதுர மைல், சுமார் 153 சதுர கிலோமீட்டர். நாளுக்கு 5 மி.மீ. ஆவியானால் அது 313 கனஅடி திறப்புக்குச் சமம். ஒரு வாய்க்காலுக்கான நீர் அது. இன்றைய ஆவியாதலுக்கு இன்றைய பரப்பு வேண்டும், இன்றைய பரப்புக்கு இன்றைய இருப்பு வேண்டும், இருப்புக்கு ஆவியாதல் வேண்டும் என்று எக்செல் சுற்றிச் சுற்றி வந்து பிழை காட்டும். நேற்றைய பரப்பை எடுத்துக்கொண்டால் தீர்ந்தது. ஒரு நாளில் வரும் வித்தியாசம் பொருட்படுத்தத் தக்கதல்ல.

மதகின் திறனை மறந்துவிடுபவர்கள் அதிகம். நீர்மட்டம் இறங்க இறங்க அதே மதகு முழுக்கத் திறந்திருந்தாலும் குறைவாகத்தான் தள்ளும். ஆகவே திறனும் மட்டத்துக்கேற்ப ஓர் அட்டவணையாக இருக்க வேண்டும்.

அணையின் நீர்வரத்துத் தரவில் சில நாள்களில் மைனஸ் எண் வருகிறது. ஆறு பின்னோக்கியா ஓடும்? – மேட்டூர் வாசகர்

ஓடாது. பெரும்பாலான அணைகளில் வரத்தை யாரும் நேரடியாக அளப்பதில்லை என்பதே காரணம். இன்றைய நீர்மட்டத்தைப் பார்த்து இருப்பைக் கண்டுபிடித்து, நேற்றைய இருப்போடு ஒப்பிட்டு, திறப்பையும் ஆவியாதலையும் கூட்டி, 'இவ்வளவு வந்திருக்க வேண்டும்' என்று பின்னோக்கிக் கணக்கிடுகிறார்கள்.

மேட்டூர் நிறைந்திருக்கும்போது ஓர் அடி என்பது 1.65 டி.எம்.சி. ஒரு நாள் முழுக்க ஓடும் ஓட்டமாகச் சொன்னால் விநாடிக்கு 19,118 கனஅடி. அப்படியானால் அளவுகோலில் 0.05 அடி தவறாகப் படித்தாலே வரத்தில் 956 கனஅடி பிசகும். காற்று பலமாக அடித்து நீரை அணைச்சுவர்ப் பக்கம் ஒதுக்கினாலே அந்த அளவு மாறிவிடும். வரத்து 500 கனஅடியாக இருக்கும் ஏப்ரல் மாதத்தில் இந்தப் பிசகு அதை மைனஸாக்கிவிடும். மறுநாள் அதே அளவு கூடுதலாக வந்து கணக்கு நேராகிவிடும்.

இதற்கு மைனஸ் எண்களை மட்டும் பூஜ்யமாக்கிவிடுவதுதான் பலரும் செய்வது. அது தவறு. பள்ளத்தை நிரப்பிவிட்டு மேட்டை அப்படியே விட்டால் ஆண்டு முடிவில் இல்லாத நீர் அணைக்குள் வந்திருக்கும். ஐந்து நாள் நகரும் சராசரி (ஒவ்வொரு நாளுக்கும் அதன் முன்பின் நாள்களையும் சேர்த்த ஐந்து நாள் சராசரி) எடுங்கள். அதன்பிறகும் மைனஸ் மிஞ்சினால் அதை அடுத்த நாள்களின் வரத்திலிருந்து கழியுங்கள். ஆண்டு மொத்தம் மாறாமல் இருக்கிறதா என்று கடைசியில் சரிபார்த்துவிடுங்கள்.

மேட்டூருக்கு இன்னொரு வசதி உண்டு. மேலே பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையத்தின் அளவீட்டு நிலையம் ஆற்றோட்டத்தையே அளக்கிறது. கோடைப் பதிவுகளில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

எந்த மென்பொருள் வாங்கலாம்? – கோவை

பலவற்றை வாங்கவே வேண்டாம். அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையின் 'ஹெச்.இ.சி–ரெஸ்சிம்' இலவசம். அணைத் தொடரின் அன்றாட இயக்கத்துக்கும் வெள்ளத்துக்கும் அது நல்லது. பங்கீடு, பயிர்த் தேவை, நகரத் தேவை என்று படம் வரைந்து பார்க்க ஸ்டாக்ஹோம் சுற்றுச்சூழல் நிறுவனத்தின் 'வீப்'. வளரும் நாடுகளின் அரசுத் துறைகளுக்கும் கல்லூரிகளுக்கும் லாபநோக்கற்ற அமைப்புகளுக்கும் அதன் உரிமம் கட்டணமின்றிக் கிடைக்கிறது. கொலராடோ நதிக்குப் பயன்படும் 'ரிவர்வேர்' விதிகளை விரிவாக எழுத வசதியானது, ஆனால் கட்டணம் உண்டு. எதை எடுத்தாலும் அலகைக் கவனியுங்கள். அமெரிக்க மென்பொருள்கள் ஏக்கர்–அடி கேட்கும். ஒரு டி.எம்.சி. என்பது 22,957 ஏக்கர்–அடி, அல்லது 2.83 கோடி கனமீட்டர்.

எங்கள் பகுதிக்குத் தேவையான நீர் முழுவதும் கிடைத்ததாக ஓர் ஆய்வின் மாடல் காட்டுகிறது. வயலில் சொட்டுத் தண்ணீர் இல்லை. எது பொய்? – வேதாரண்யம் பகுதி விவசாயி

உங்கள் வயல் பொய் சொல்லாது ஐயா. மாடலை அமைத்த விதத்தில்தான் குறை. எங்கெங்கே தவறு நடக்கும் என்று சற்று விரிவாகவே சொல்கிறோம், ஏனென்றால் கடைமடைக்காரர்கள் இந்தக் கேள்வியை எல்லா ஆய்வறிக்கைகளிடமும் கேட்க வேண்டும்.

முதல் குறை, டெல்டா முழுவதையும் ஒரே புள்ளியாக வைப்பது. கல்லணையில் 15,000 கனஅடி வந்தது, தேவையும் 15,000, ஆகவே நூறு சதம் என்று மாடல் எழுதிவிடும். கல்லணையிலிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நான்காகப் பிரிந்து, அவையும் கிளை கிளையாகப் பிரிந்து உங்களிடம் வந்து சேரும் வழி அதில் இல்லவே இல்லை.

அடுத்தது, கணக்கிடும் வரிசை. பல மாடல்கள் மேலிருந்து கீழாகக் கணக்கிடும். முதல் வாய்க்கால் தன் தேவையை எடுக்கும், மிச்சத்திலிருந்து அடுத்தது எடுக்கும். யாரும் அப்படி விதி எழுதவில்லை என்றாலும், தலைமடைக்கே முன்னுரிமை என்ற விதி தானாக நுழைந்துவிடுகிறது. சில மாடல்களில் இதற்கு நேர்மாறாக எல்லாருக்கும் ஒரே சதவீதம் கச்சிதமாகப் பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். அப்படிப் பிரித்துக் கொடுக்கும் ஷட்டர் எந்த ஆற்றிலும் இல்லை.

மூன்றாவதுதான் எல்லாவற்றையும்விடப் பெரியது. மாடல் நீரைக் கன அளவாகப் பார்க்கிறது. வாய்க்கால் நீரை மட்டமாகப் பார்க்கிறது. ஆற்றில் பாதி நீர் ஓடினால் எல்லா வாய்க்காலுக்கும் பாதி கிடைக்கும் என்பது மாடலின் நினைப்பு. உண்மையில் ஆற்றில் மட்டம் ஏறினால்தான் மேடான தலைப்பு மதகுகளுக்குள் நீர் நுழையும். பாதி நீர் ஓடும்போது தாழ்ந்த தலைப்புகள் வழக்கம்போல் குடிக்கும், மேடானவை காயும். அதனால்தான் பற்றாக்குறை நாள்களில் கல்லணையில் 'முறை' வைக்கிறார்கள். சில நாள் வெண்ணாற்றுக்கு நிறைய, பிறகு காவிரிக்கு, பிறகு கல்லணைக் கால்வாய்க்கு என்று மாற்றி மாற்றித் திறப்பது. இந்த முறையை மாடலில் நாள்வாரியாக எழுதாமல் மாத சராசரி போட்டால், 30 நாளும் அளவான நீர் வந்ததாகவே காட்டும். உங்கள் பயிரோ எட்டு நாள் நனைந்து இருபத்திரண்டு நாள் காய்ந்திருக்கும்.

நான்காவது, வாய்க்காலின் நிலை. மாடலில் வாய்க்காலின் உராய்வு எண்ணைத் தூர்வாரிய வாய்க்காலுக்கு உரிய 0.025 என்று போட்டுவிடுவார்கள். ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் அடைத்த வாய்க்காலில் அது 0.05-க்குப் போகும். உராய்வு இரட்டிப்பானால் அதே ஆழத்தில் ஓடும் நீர் சரிபாதி.

தேவையைச் சரிபார்க்கவும் ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லட்சம் ஏக்கர் நெல்லுக்கு, பயிரும் கசிவுமாகச் சேர்ந்து நாளுக்கு 10 மி.மீ. வேண்டுமென்றால் வயலில் 1,654 கனஅடி ஓட வேண்டும். கனஅடிக்குச் சுமார் 60 ஏக்கர். வழியில் பாதி வீணாகிறதென்றால் தலைப்பில் 3,300 கனஅடி திறக்க வேண்டும். நாற்று நடவுக்கு முன் சேறடிக்கும் வாரங்களில் இதைவிடக் கூடுதல். அறிக்கையில் உங்கள் வாய்க்காலுக்கு எழுதிய எண் இதில் பாதிதான் என்றால், அந்த நூறு சதத்துக்குப் பொருளில்லை.

மேட்டூரில் திறந்த நீர் கல்லணைக்கு வர எத்தனை நாள்? அதை மாடலில் எப்படி எழுதுவது? – முசிறி

சுமார் மூன்று நாள். ஆனால் வறண்டு கிடந்த ஆற்றில் விடும் முதல் நீருக்கும், ஓடிக்கொண்டிருக்கும் ஆற்றில் கூட்டிவிடும் நீருக்கும் வித்தியாசம் உண்டு. காய்ந்த மணல் முதலில் தன் வயிற்றை நிரப்பிக்கொண்டுதான் நீரை மேலே விடும். இழப்பை 'பத்து சதம்' என்று ஒரே எண்ணாக வைத்தால் முதல் வாரக் கணக்கு எப்போதும் தவறும். மணல் குடிக்கும் தொடக்க அளவு ஒன்று, அது தீர்ந்தபின் ஓட்டத்தில் இவ்வளவு சதம் என இரண்டாகப் பிரியுங்கள். திறப்பு நின்று பல நாள் ஆனால் தொடக்க அளவு மறுபடி மெல்ல ஏறும்படி வையுங்கள். மணல் ஆழமாக அள்ளப்பட்ட பகுதிகளில் குழிகளின் கன அளவையும் இதோடு சேர்க்க வேண்டும்.

பயண நேரத்துக்குப் பெரும்பாலானோர் 'மஸ்கிங்கம்' முறையைப் பயன்படுத்துகிறார்கள். அதில் இரண்டு எண்கள்: 'கே' என்பது பயண நேரம், 'எக்ஸ்' என்பது அலை எவ்வளவு பரந்து தணியும் என்பதற்கான எண். கணக்கிடும் இடைவெளி, கே-யையும் எக்ஸையும் பெருக்கியதன் இரு மடங்குக்குக் குறையக் கூடாது. கே 60 மணி, எக்ஸ் 0.3 என்று வைத்து நாளுக்கு ஒருமுறை கணக்கிட்டால் அந்த வரம்பு 36 மணி, உங்கள் இடைவெளியோ 24 மணி. உடனே வெளியேற்றத்தில் மைனஸ் எண் வரும். ஆற்றை மூன்று துண்டாக்கி, துண்டுக்கு 20 மணி வையுங்கள். வரம்பு 12 மணிக்கு இறங்கிவிடும். மேல் வரம்பும் ஒன்று உண்டு: கே-யை, ஒன்றிலிருந்து எக்ஸைக் கழித்த எண்ணால் பெருக்கி இரட்டித்தால் வருவது. இங்கே 28 மணி. 24 மணி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

வழியில் பவானி வந்து சேர்வதையும், திருமுக்கூடலூரில் அமராவதி சேர்வதையும், மாயனூர் கதவணை நீரைத் தேக்கி வைப்பதையும் தனித்தனிப் புள்ளிகளாக வைக்க மறக்காதீர்கள்.

பற்றாக்குறை ஆண்டில் எப்படிப் பங்கிடுவது என்பதை மாடல் தீர்த்து வைக்காதா? – பெங்களூரில் வாழும் தமிழ் வாசகர்

விதியை மனிதர்கள் எழுத வேண்டும். விதியில்லாத இடத்தில் மாடல் ஓடவே ஓடாது, அல்லது எழுதியவரின் விருப்பத்துக்கு ஓடும். காவிரி விஷயத்தில் மாடலால் கிடைக்கும் பெரிய நன்மையே, எழுதப்படாத விதி எங்கே இருக்கிறது என்று அது காட்டிக்கொடுப்பதுதான்.

காவிரி நடுவர் மன்றம் 2007-ல் ஆண்டு நீரை 740 டி.எம்.சி. என்று கணக்கிட்டது. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் மாற்றியபின் தமிழ்நாட்டுக்கு 404.25, கர்நாடகத்துக்கு 284.75, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7, சூழலுக்கும் கடலில் தவிர்க்க முடியாமல் சேர்வதற்கும் 14. இதற்காக மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் கர்நாடகத்திலிருந்து ஆண்டுக்கு வர வேண்டியது 177.25. இந்த 740 என்பது ஐம்பது சதவீத நம்பகத்தன்மை கொண்ட எண். ஏறக்குறைய இரண்டு ஆண்டுக்கு ஓராண்டு அதற்குக் கீழே போகும் என்று பொருள். ஆகவே பற்றாக்குறைப் பங்கீடு என்பது அபூர்வமாக வேண்டியது அல்ல, பாதி ஆண்டுகளுக்கான விதி.

விகிதாசாரமாகக் குறைப்பது என்ற கொள்கையை மாடலில் எழுதிப் பாருங்கள். ஆகஸ்டுக்கு பிலிகுண்டுலுவில் 45.95 டி.எம்.சி. மாதம் முழுக்கச் சராசரியாக விநாடிக்கு 17,156 கனஅடி. கர்நாடகத்தின் நான்கு அணைகளுக்கு (கிருஷ்ணராஜசாகர், கபினி, ஹேமாவதி, ஹாரங்கி) வந்த நீர் 30 ஆண்டு சராசரியைவிட 40 சதம் குறைவு என்று வைத்துக்கொள்வோம். அப்போது 27.57 டி.எம்.சி., விநாடிக்கு 10,293 கனஅடி. இதுவரை சுலபம். அடுத்த வரியில் மாடல் உங்களைக் கேட்கும்: ஜூலையில் குறைத்துக் கொடுத்ததை ஆகஸ்டில் மழை கொட்டினால் சேர்த்துக் கொடுக்க வேண்டுமா, இல்லை அந்தக் கணக்கு முடிந்ததா? நான்கு அணைகளுக்குக் கீழே, பிலிகுண்டுலுவுக்கு மேலே பெய்யும் மழை யாருடைய கணக்கு? மேட்டூரில் ஏற்கெனவே இருக்கும் இருப்பைப் பார்க்க வேண்டுமா, பார்க்கக் கூடாதா? ஒவ்வொரு கேள்விக்கும் ஆம் என்று ஒருமுறை, இல்லை என்று ஒருமுறை மாடலை ஓட்டினால் இரு மாநிலங்களுக்கும் எத்தனை டி.எம்.சி. ஏறி இறங்குகிறது என்று தெரியும். மழை நன்றாக இருக்கும் ஓர் ஆண்டில் உட்கார்ந்து இதைச் செய்ய வேண்டும். காய்ந்த செப்டம்பரில் செய்தால் ஒவ்வொரு எண்ணும் சண்டையாகிவிடும்.

பிற இடத்து விதியை அப்படியே கொண்டுவர முடியாது என்பதற்கு டெக்சாஸ் நல்ல உதாரணம். அங்கே டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் உருவான 'ராப்' என்ற மாடலை மாநிலத்தின் சுற்றுச்சூழல் ஆணையமே நீர் உரிமங்களுக்குப் பயன்படுத்துகிறது. அதன் அடிப்படை, யார் முதலில் உரிமை பெற்றாரோ அவருக்கே முதல் நீர். நூறு அளவு நீர், இருவருக்கும் தலா 60 வேண்டும் என்றால் அங்கே மூத்தவருக்கு 60, இளையவருக்கு 40. விகிதாசாரத்தில் இருவருக்கும் 50. ஒரே ஆறு, ஒரே மழை. மென்பொருளில் ஒரு பெட்டியைத் தவறாகச் சொடுக்கினால் ஒரு மாநிலத்தின் நீர் மாறிவிடும்.

செம்பரம்பாக்கம் போன்ற ஏரிகளில் வெள்ளம் வருமுன் நீரை வெளியேற்ற மாடல் உதவுமா? – சென்னை, முடிச்சூர்

உதவும், நாள் கணக்கை விட்டு மணிக் கணக்குக்கு வந்தால். செம்பரம்பாக்கத்தின் கொள்ளளவே 3.645 டி.எம்.சி. விநாடிக்கு 30,000 கனஅடி உள்ளே வந்தால் ஒன்பதேகால் மணி நேரத்தில் ஒரு டி.எம்.சி. ஏறிவிடும். மிச்சமிருந்தது அரை டி.எம்.சி. என்றால் நாலரை மணி நேரம். நாள் சராசரியில் ஓடும் மாடலுக்கு இந்த நாலரை மணி நேரம் கண்ணிலேயே படாது. 2015 டிசம்பர் 1 அன்று அங்கிருந்து 29,000 கனஅடி திறக்கப்பட்டது. அன்று அடையாற்றில் ஏற்கெனவே மற்ற ஏரிகளின் உபரியும் ஓடிக்கொண்டிருந்தது. ஆகவே மாடலில் ஏரியை மட்டும் வைத்தால் போதாது. கீழே ஆறு எவ்வளவு தாங்கும், அந்த நேரத்தில் பக்கத்து ஓடைகள் எவ்வளவு சேர்க்கும் என்பதும் வேண்டும்.

இதற்கான கருவி 'ரூல் கர்வ்'. தேதிக்குத் தேதி நீர்மட்டத்துக்கு ஒரு மேல் வரம்பு. முல்லைப் பெரியாற்றில் 142 அடி வரை தேக்கலாம் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும், ஆண்டு முழுவதும் 142 வரை விடுவதில்லை. அந்தந்தக் காலத்துக்குரிய வரம்பைத் தாண்டினால் ஷட்டரைத் திறக்க வேண்டும். சென்னை ஏரிகளில் இடியாப்பச் சிக்கல் ஒன்று உண்டு: அதே நீர்தான் கோடையில் குடிநீர். நவம்பரில் இரண்டடி இறக்கி வைத்து, பிறகு மழை நின்றுவிட்டால் அந்த இரண்டடியை யாரும் திருப்பித் தர மாட்டார்கள். பழைய மழை ஆண்டுகள் எல்லாவற்றையும் ஓட்டி, இறக்கி வைத்ததால் எத்தனை முறை குடிநீர் குறைந்தது, எத்தனை முறை வெள்ளம் தணிந்தது என்று இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் அச்சிட்டுக் காட்ட வேண்டும். ஒன்றை மட்டும் காட்டும் அறிக்கையை ஏற்காதீர்கள்.

வண்டல் படிந்த அணைக்குப் பழைய கொள்ளளவு அட்டவணையைப் பயன்படுத்தலாமா? – தர்மபுரி

கூடாது. வண்டல் அடியில் மட்டுமே படிவதில்லை, ஆறு அணைக்குள் நுழையும் மேல் பகுதியிலும் படிகிறது. ஆகவே எல்லா மட்டத்திலும் ஒரே சதவீதம் கழிப்பதும் தவறு. கடைசியாக நடந்த நீரடி அளவைக்கு (அணையின் அடித்தரையை அளப்பது) பிறகான அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். அட்டவணையை மாற்றினால் பழைய வரத்தையும் புதிய அட்டவணையில் மறுபடி கணக்கிட வேண்டும், ஏனென்றால் அதுவும் இந்த அட்டவணையிலிருந்து வந்ததுதான்.

என் ஆய்வில் கணினி கண்டுபிடித்த சிறந்த இயக்கம், நடந்ததைவிட எல்லா ஆண்டிலும் அதிக விளைச்சல் தருகிறது. நெறியாளர் நம்ப மறுக்கிறார். – எம்.டெக். மாணவர், திருச்சி

உங்கள் நெறியாளர் சந்தேகப்படுவது சரியே. முழுத் தரவையும் ஒரே மூச்சில் கொடுத்துச் சிறந்த திறப்பைத் தேடச் சொல்லியிருப்பீர்கள். அந்தக் கணினிக்கு 2002 ஜூனிலேயே 2003-உம் காயும் என்று தெரியும், அதற்கேற்பச் சேமித்து வைக்கும். மேட்டூரில் இருந்த பொறியாளருக்கு அது தெரியாது.

தீர்வு: பாதி ஆண்டுகளில் விதியைக் கண்டுபிடியுங்கள். 'இந்தத் தேதியில் இருப்பு இவ்வளவு என்றால் திறப்பு இவ்வளவு' என்று ஒரு தாளில் எழுதக்கூடிய விதியாக அது இருக்க வேண்டும். பிறகு அந்த விதியை அது பார்த்திராத மறுபாதி ஆண்டுகளில், ஒவ்வொரு நாளும் அன்றுவரை தெரிந்ததை மட்டும் கொடுத்து ஓட்டுங்கள். 2012, 2016 போன்ற வறட்சிகளும் 2018, 2022 போன்ற வெள்ளங்களும் சோதிக்கும் பாதியில் இருக்கட்டும். மேம்பாடு பெரிதும் சுருங்கும். மிஞ்சுவதுதான் உண்மை.

'90 சதவீத நம்பகத்தன்மை' என்று அறிக்கைகளில் எழுதுகிறார்களே, அது விவசாயிக்கு என்ன? – மயிலாடுதுறை

இந்த எண் மட்டும் இருந்தால் ஒன்றுமில்லை. பாசனப் பருவம் ஜூன் 12-லிருந்து ஜனவரி 28 வரை சுமார் 230 நாள். நாற்பது ஆண்டுக்கு 9,200 நாள். அதில் 90 சதம் நாள்களில் நீர் கிடைத்தது என்றால் 920 நாள் கிடைக்கவில்லை. அந்த 920 நாள் ஆண்டுக்கு 23 நாளாகப் பரவியிருக்கலாம். அல்லது நான்கு பருவம் முழுவதும் காய்ந்து, 36 பருவம் நன்றாக இருந்திருக்கலாம். இரண்டும் 90 சதம்தான். முதலாவதில் அந்த 23 நாளும் கதிர் வெளிவந்து பால் பிடிக்கும் சமயத்தில் விழுந்தால் நாற்பது ஆண்டும் நஷ்டம்.

ஆகவே மூன்று எண்களைச் சேர்த்துக் கேளுங்கள். எத்தனை பருவங்களில் பற்றாக்குறை வந்தது, தொடர்ந்து நீரில்லாத நாள்கள் அதிகபட்சம் எத்தனை, மிக மோசமான மாதத்தில் தேவையில் எத்தனை சதம் கிடைத்தது. உங்கள் வாய்க்காலுக்குத் தனியாகக் கேளுங்கள், டெல்டா மொத்தத்துக்கு அல்ல.

தரவு எங்கே கிடைக்கும்? நாங்களே சேகரிக்கலாமா? – பட்டுக்கோட்டை ஆசிரியை

மத்திய அரசின் 'இந்தியா–விரிஸ்' தளத்தில் பல நிலையங்களின் ஓட்டமும் அணை இருப்பும் கிடைக்கின்றன. மத்திய நீர் ஆணையம் வாரந்தோறும் பெரிய அணைகளின் இருப்பை வெளியிடுகிறது. மேட்டூரின் மட்டமும் வரத்தும் திறப்பும் தினசரிகளிலேயே வருகின்றன. மாணவர்கள் ஒரு வாய்க்காலின் மதகருகே அளவுகோல் நட்டு, தினமும் குறித்து வைத்தால், எந்தப் பெரிய மாடலிலும் இல்லாத தரவு உங்களிடம் இருக்கும்.

ஒன்றை மட்டும் முதல் நாளே நோட்டில் எழுதிவிடச் சொல்லுங்கள்: எத்தனை மணிக்குப் படித்தது. அணைகளில் அளவு காலை 8 மணிக்கு எடுக்கிறார்கள். 12-ஆம் தேதி காலை 8 மணி அளவில் இருப்பது 11-ஆம் தேதி காலை 8 மணியிலிருந்து வந்த நீர். மழையளவும் அப்படியே. உங்கள் மாணவர்கள் மாலை 4 மணிக்குப் படித்து அதே தேதியில் எழுதினால் இரண்டும் ஒரே நேரத்தைக் குறிக்காமல் விலகி நிற்கும். பிறகு திறப்புக்கு முன்பே வாய்க்காலில் நீர் வந்ததாக மாடல் காட்டும்.